பழைய கணினியும் இலேசான உலாவியும்

(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, மருந்து, மழைநாள் என்று பேசவேண்டிய சங்க மேடையில் கணினியைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் பேசப்போவதும் சம்பளத்தைப் பற்றித்தான் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆபீசுக்குப் புதுக் கணினி வந்தால், பழையது தமிழ்ப்பள்ளிக்கோ, கோயில் மண்டபத்துக்கோ, சங்க அறைக்கோ வந்து சேரும். நாமும் நன்றி சொல்லி வாங்கி வைக்கிறோம். பிறகு என்ன நடக்கிறது? பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிறது. திரையும் வருகிறது. ஆனால் இணையத்தைத் திறந்தால் பக்கம் வருவதில்லை. வந்தாலும் பாதி வருகிறது. அல்லது “இந்த இடம் பாதுகாப்பானதல்ல” என்று ஓர் எச்சரிக்கை வந்து வழியை மறிக்கிறது. உடனே “பொறி செத்துவிட்டது” என்று துணியைப் போட்டு மூடிவிடுகிறோம். வேறு சிலர், “கிராணி, இலேசான உலாவி ஏதோ இருக்கிறதாமே, அதைப் போட்டால் ஓடுமாமே, எதைப் போடுவது?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே குழு என்னை அனுப்பியிருக்கிறது.

இதிலே நமக்கு என்ன நஷ்டம் என்று முதலில் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு அது அவ்வாண்டு ஆகஸ்டில் வந்தது. 1,700 வெள்ளி வாங்கும் உள்நாட்டுத் தொழிலாளி ஒருவர் அறுபது வயதுக்கு உட்பட்டவரானால், அவர் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று வீதம் 187 வெள்ளி பிடிக்கப்படும். முதலாளி தம் பங்காக நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் 221 வெள்ளி கட்டவேண்டும். ஆக மாதம் 408 வெள்ளி அவர் கணக்கில் ஏறவேண்டும். சம்பளச் சீட்டில் 187 வெள்ளி பிடித்ததாக எழுதியிருக்கும். ஆனால் 408 வெள்ளி உண்மையில் போய்ச் சேர்ந்ததா? அதைச் சம்பளச் சீட்டு சொல்லாது. சேமநிதியின் கணக்கைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். முன்பெல்லாம் ஆண்டுக்கொரு தாள் வரும் வரை காத்திருந்தோம். இன்று மாதந்தோறும் இணையத்தில் பார்க்கலாம். சொக்சோ காரியமும், அரசாங்க உதவித்தொகை மனுவும், பிள்ளைகளின் மேற்படிப்பு மனுவும் அந்த வழியில்தான் போகின்றன. அந்த வழி நமக்கு அடைபட்டால், மறுபடியும் யாராவது பார்த்துச் சொல்வதை நம்பும் நிலைக்கே வந்துவிடுவோம். ஆகவேதான் இது சங்கத்தின் விஷயம் என்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு சொற்களைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று இயங்குதளம். விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7, லினக்ஸ் என்பவை இயங்குதளங்கள். கணினியின் எல்லா வேலைகளையும் நடத்துவது இதுதான். மற்றொன்று உலாவி. குரோம், பயர்பாக்ஸ் என்பவை உலாவிகள். இணையப் பக்கத்தை வாங்கிவந்து நமக்குக் காட்டுவது உலாவியின் வேலை. உலாவி, இயங்குதளத்தின்மேல் நின்றுதான் வேலை செய்யும். கீழே இருப்பது பழசாகிவிட்டால், மேலே புதிதாக ஒன்றை நிறுத்துவது கடினம்.

பழைய கணினியில் பக்கம் வராததற்குக் காரணம் மூன்று.

முதல் காரணம், செய்தவர்கள் கைவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி 2001 இல் வந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8 இல் அதற்குப் பொதுவான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 7, 2009 இல் வந்து 2020 ஜனவரி 14 இல் அந்த நிலையை அடைந்தது. விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 இல் பொது ஆதரவு முடிந்துவிட்டது. இயங்குதளம் ஓய்வு பெற்றால், சில காலத்தில் உலாவிகளும் அதைவிட்டு நீங்கும். எக்ஸ்பி-யில் ஓடிய கடைசிக் குரோம் 49 ஆம் பதிப்பு; 2016 இல் அதன் கதை முடிந்தது. எக்ஸ்பி-க்கான கடைசிப் பயர்பாக்ஸ் 52 ஆம் பதிப்பு. 2018 இல் அதுவும் நின்றது. விண்டோஸ் 7-க்குக் கடைசிக் குரோம் 109; அது 2023 ஜனவரியில் வந்தது.

இரண்டாவது காரணம், பூட்டு மாறியது. நம் கணினிக்கும் சேமநிதிக் கணினிக்கும் இடையே போகும் செய்தியை வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்புகிறார்கள். அந்தப் பூட்டின் பழைய வகைகள் பலவீனமானவை என்று கண்டு, பெரிய உலாவிக்காரர்கள் எல்லோரும் 2020 இல் அவற்றை ஒதுக்கத் தொடங்கினார்கள். 2008 இலும் 2018 இலும் வகுக்கப்பட்ட புதிய பூட்டுகளையே இன்று இணையம் கேட்கிறது. எக்ஸ்பி-யோடு பிறந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு அந்தப் பூட்டுகள் தெரியா. இதோடு, “இவர் இன்னார்தான்” என்று சாட்சி சொல்லும் சான்றிதழ்களும் உண்டு. அவற்றுக்குக் கெடு உண்டு. 2021 செப்டம்பர் 30 இல், இலட்சக்கணக்கான இணைய இடங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழின் கெடு முடிந்தது. அன்று உலகெங்கும் பழைய கணினிகளும் பழைய கைப்பேசிகளும் நல்ல இடங்களைக்கூட “பாதுகாப்பானதல்ல” என்று மறித்தன. பொறி கெடவில்லை. அதன் கையில் இருந்த சாட்சிப் பட்டியல்தான் பழசாகிவிட்டது. பயர்பாக்ஸ் தன் பட்டியலைத் தானே சுமந்து செல்லும் உலாவி. ஆகவே பழைய கணினியிலும் அது அன்று தப்பித்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

மூன்றாவது காரணம், பாரம். அக்காலத்து இணையப் பக்கம் பெரும்பாலும் எழுத்தும் படமுந்தான். இன்றைய பக்கம் அப்படியல்ல. தனக்குள் ஒரு பொறியையே வைத்துக்கொண்டு வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கட்டளைகள் மூட்டைமூட்டையாக இறங்கி, நம் கணினியிலேயே ஓடுகின்றன. விளம்பரமும் வேவும் அதில் பாதி. ஒரு ஜிகா அல்லது இரண்டு ஜிகா நினைவகம் உள்ள கணினியில் நாலைந்து பக்கங்களைத் திறந்து வைத்தால், இடம் போதாமல் அது வட்டைச் சுரண்டத் தொடங்கும். நாம் “ஸ்லோ” என்கிறோம்.

இப்போது உலாவிகளைப் பார்ப்போம். அவற்றை மூன்று வரிசையாக நிறுத்துகிறேன்.

முதல் வரிசை, பெரிய உலாவிகளின் கடைசிப் பதிப்புகள். விண்டோஸ் 7 உள்ளவர்களுக்குப் பயர்பாக்ஸ் 115 என்னும் நீண்டகாலப் பதிப்பு உண்டு. 2023 ஜூலையில் வந்தது. குரோம் கைவிட்ட பிறகும், இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மொசில்லா அமைப்பினர் பலமுறை நீட்டித்தார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டவேண்டும். ஆனால் நீட்டிப்பு என்பது நிரந்தரமல்ல. போட்டிருப்பவர்கள் திருத்தம் இன்னும் வருகிறதா என்பதை மொசில்லாவின் சொந்த இடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். குரோம் 109, பயர்பாக்ஸ் 52 ஆகியவற்றை இன்னும் சிலர் வைத்திருக்கிறார்கள். பக்கங்கள் பல அவற்றில் திறக்கவும் திறக்கின்றன. ஆனால் அவை வெளிவந்தபின் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளெல்லாம் அவற்றில் அப்படியே இருக்கின்றன. அந்த ஓட்டைகள் எவை என்ற விவரமும் ஊரறிய வெளியாகிவிட்டது.

இரண்டாவது வரிசை, கிளை உலாவிகள். பயர்பாக்சும் குரோமும் எந்த மூலக் கட்டளைகளால் செய்யப்பட்டனவோ அவை பொதுவில் இருப்பதால், ஆர்வமுள்ளவர்கள் அவற்றை எடுத்து, பழைய கணினிக்கு ஏற்றபடி திருத்தி வெளியிடுகிறார்கள். ‘பேல் மூன்’ 2009 இல் பயர்பாக்சிலிருந்து கிளைத்தது. இப்போது தனக்கென்று கோவானா என்ற எந்திரம் வைத்திருக்கிறது. விண்டோஸ் 7-இலும் லினக்சிலும் ஓடும். இன்றைய பயர்பாக்சைவிட இலேசு. புதுப்புதுத் திருத்தங்களும் வருகின்றன. குறை என்னவென்றால், குரோமை மட்டும் மனத்தில் வைத்துச் செய்யப்படும் பக்கங்கள் இதில் உடைந்து தெரியும். ‘கே-மிலியன்’ 2000 இல் தோன்றிய விண்டோஸ் உலாவி. மிகச் சிறியது. கோவானா எந்திரம் பொருத்திய அதன் பதிப்பைத் தன்னார்வலர்கள் எக்ஸ்பி-க்கும் தருகிறார்கள். செய்தித்தாள் படிக்க ஏற்றது. பெரிய மனுப்பாரங்களில் திணறும். ‘மைபால்’ எக்ஸ்பி-க்காகவே செய்யப்பட்டது. அதன் 68 ஆம் வரிசை, பயர்பாக்ஸ் 68-ஐ அடிப்படையாகக் கொண்டது. கே-மிலியனைவிடச் சற்றுப் பாரம். ஆனால் அதிகப் பக்கங்களைத் திறக்கும். ‘சூப்பர்மியம்’ இவற்றில் இளையது. குரோமின் மூலமான குரோமியத்தின் அண்மைப் பதிப்புகளை எக்ஸ்பி, விஸ்டா, 7 ஆகியவற்றில் ஓடச் செய்கிறது. இன்றைய பக்கங்களைத் திறப்பதில் இந்த வரிசையில் இதற்கே முதலிடம். ஆனால் இது இலேசானதல்ல. குரோமின் பசி இதற்கும் உண்டு. ஒரு ஜிகா நினைவகத்தில் மூச்சு வாங்கும்.

இவற்றைச் செய்பவர்கள் பெரிய கம்பெனிகள் அல்லர். ஒருவர், இருவர், சிறு கூட்டம். கூலி வாங்காமல் உழைக்கிறார்கள். உழைக்கும் மக்களாகிய நாம் அவர்களை மதிக்கிறோம். ஆனால் ஒருவர் தோளில் நிற்கும் வேலை அவர் களைத்தால் நின்றுபோகும் என்பதையும், ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கும் திருத்தம் வரும் நாளுக்கும் இடைவெளி நீளலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

மூன்றாவது வரிசை, உண்மையிலேயே இலேசானவை. ‘டில்லோ’ 1999 இல் தொடங்கப்பட்டது. 2015-க்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் புதுப் பதிப்பில்லாமல் கிடந்து, 2024 இல் 3.1 ஆம் பதிப்போடு எழுந்து வந்தது. சில மெகா நினைவகத்திலேயே எழுந்து நிற்கும். ‘நெட்சர்ப்’ 2002 இல் தொடங்கியது. வேறொருவர் எந்திரத்தைக் கடன் வாங்காமல் தன் சொந்த எந்திரத்தில் ஓடுவது. ‘லிங்க்ஸ்’ 1992 இல் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. படமே காட்டாது, எழுத்து மட்டும் காட்டும். டில்லோவும் லிங்க்சும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதே இல்லை. நெட்சர்ப் அரைகுறையாகவே ஓட்டும். அதனால்தான் இவை பறக்கின்றன. அதனாலேயே சேமநிதிக் கணக்கைப் போன்ற இடங்கள் இவற்றில் திறவா. கட்டுரை, கலைக்களஞ்சியம், எளிய செய்திப் பக்கம், இவற்றுக்கு மட்டும் இவை.

நமக்கென்று ஒரு சோதனையும் உண்டு. தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். டில்லோ போன்றவற்றில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியக்கூடும். எக்ஸ்பி-யிலோ, வட்டார மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை ஏற்றினால்தான் தமிழ் சரியாக வரும். ஆகவே எந்த உலாவியைப் போட்டாலும் முதலில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து ‘கொ’, ‘கெள’, ‘பெ’, ‘மை’ என்ற எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேகமாக ஓடி, நம் மொழியை உடைத்துக் காட்டும் உலாவி நம் படிப்பறைக்கு எதற்கு?

தோழர்களே, இவ்வளவும் ஒப்பிட்டுச் சொன்னேன். ஆனால் இந்த ஒப்பீட்டை மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போனால், நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். மீதிப் பாதி இதுதான்: இலேசானது வேறு, காவலுள்ளது வேறு. பக்கம் திறந்துவிட்டது என்பதாலேயே அங்கே பணக் காரியம் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை.

2017 மே மாதம் 12 ஆம் தேதி ‘வானாகிரை’ என்ற கெடுநிரல் உலகத்தைத் தாக்கியது. கணினியில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவமனைகள் பல முடங்கின. அது எந்த வழியாக வந்தது? யாரும் ஒரு பக்கத்தைத் திறக்கவேண்டியதில்லை. வலையில் மாட்டியிருந்தாலே போதும்; விண்டோசில் இருந்த ஓட்டை வழியாகத் தானே நுழைந்தது. மைக்ரோசாப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஆனால் அது ஆதரவு உள்ளவர்களுக்கு மட்டும். எக்ஸ்பி-க்குத் தாக்குதல் நடந்த பிறகுதான், விதிவிலக்காக, ஒரு திருத்தம் கொடுத்தார்கள். எக்ஸ்பி மட்டும் அடிபடவில்லை. திருத்தத்தைப் போடாமல் விட்டிருந்த விண்டோஸ் 7 கணினிகள்தான் அதிகம் அடிபட்டன. இதிலிருந்து தெரிவதென்ன? உலாவி எவ்வளவு புதிதாக இருந்தாலும், கீழே இருக்கும் இயங்குதளம் காவலற்றதாக இருந்தால் பாதுகாப்பில்லை. கறையான் அரித்த சுவரில் புதுக் கதவு மாட்டினால், திருடன் கதவுப் பக்கம் வருவானா?

ஆகவே நான் சொல்லும் விதி மிகச் சுருக்கம். படிக்கும் காரியத்தைப் பழைய கணினியில் செய்யலாம். பணக் காரியத்தை, அதாவது சேமநிதி, பேங்கு, வரி, அடையாள அட்டை எண் கேட்கும் மனு ஆகியவற்றை, இயங்குதளமும் உலாவியும் இரண்டும் இன்னும் திருத்தம் பெற்றுவரும் கணினியில் மட்டுமே செய்யவேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அங்கே கடவுச்சொல்லைத் தட்டாதீர்கள்.

“அப்படியானால் எங்கள் சங்க அறையில் இருக்கும் பழைய கணினியில் சேமநிதிக் கணக்கைப் பார்க்கவே முடியாதா? முதலில் சம்பளம் என்று சொல்லி ஆசை காட்டிவிட்டு, இப்போது கையை விரிக்கிறாயே!” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வழி இருக்கிறது. உலாவியை மட்டும் மாற்றாமல் இயங்குதளத்தையே மாற்றுவதுதான் அந்த வழி.

லினக்ஸ் என்பது 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது. இன்று உலகெங்கும் பலர் கூடி வளர்ப்பது. காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை. விண்டோசை எடுத்துவிட்டு அதை ஏற்றினால், பத்து ஆண்டுகள் தாண்டிய கணினிக்கும் இன்றைய பாதுகாப்புத் திருத்தம் வரும். அதன்மேல் இன்றைய பயர்பாக்சும் ஓடும். நாலு ஜிகா நினைவகம் இருந்தால் ‘லினக்ஸ் மின்ட்’ போடலாம். விண்டோசில் பழகியவர்களுக்கு அது தடுமாற்றம் தராது. இரண்டு ஜிகா மட்டுமென்றால் ‘லுபுண்டு’ அல்லது ‘ஆன்டிஎக்ஸ்’ போன்ற இலேசான வகைகள் உண்டு. ஏற்றுவதற்கு முன் ஒரு யுஎஸ்பி குச்சியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் குச்சியைப் பிடுங்கிவிட்டால் பழையபடி இருக்கும். ஆனால் முழுதாக ஏற்றும்போது வட்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஆகவே பள்ளிக் கணக்கோ, கோயில் கணக்கோ, சங்கக் கடிதமோ அதில் இருந்தால் முதலில் படியெடுத்து வைத்துவிட வேண்டும்.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். மிகப் பழைய கணினிகள் 32 பிட் வகையைச் சேர்ந்தவை. அவற்றை லினக்ஸ்காரர்களும் மெள்ளமெள்ளக் கைவிட்டு வருகிறார்கள். பலவகை லினக்சுகளுக்குத் தாயான டெபியன், 2023 இல் வந்த 12 ஆம் பதிப்போடு அவற்றில் ஏற்றும் வசதியை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த 13 இல் அது இல்லை. ஆகவே அன்பளிப்பாக வரும் கணினியை வாங்கும்போது, “64 பிட்டா, நினைவகம் எத்தனை ஜிகா?” என்று இரண்டு கேள்வி கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10-க்குப் பொது ஆதரவு முடிந்துவிட்டதால், பல ஆபீசுகளில் நல்ல கணினிகளைக் கழிக்கும் காலம் இது. அவற்றில் பெரும்பாலானவை லினக்சில் இன்னும் பல்லாண்டு உழைக்கக்கூடியவை. எக்ஸ்பி காலத்துப் பொறியைக் கட்டி அழுவதைவிட, இந்தச் சந்தர்ப்பத்தில் நிர்வாகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, கழிக்கும் கணினிகளைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

“கைப்பேசி இருக்கும்போது கணினி எதற்கு?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கைப்பேசியில் பார்க்கலாம், தடையில்லை. ஆனால் அதற்கும் இதே விதிதான். திருத்தம் நின்றுபோன பழைய கைப்பேசியில் பணக் காரியம் வேண்டாம். மேலும் எட்டுப் பக்க மனுவைச் சின்னத் திரையில் நிரப்புவதும், பத்து மாதக் கணக்கைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், கண் மங்கிய பெரியவர்களுக்கு எவ்வளவு சிரமம் என்பதை வீட்டில் பார்த்திருப்பீர்கள்.

இனி நடைமுறைக்குச் சில சொற்கள்.

ஒன்று: உலாவியை அதைச் செய்தவர்களின் சொந்த இடத்திலிருந்தே இறக்குங்கள். இலவசமாகத் தருகிறோம் என்று வழியில் நிற்கும் கடைகளிலிருந்து இறக்காதீர்கள். கெடுநிரல்கள் பல அந்த வேடத்தில்தான் வருகின்றன.

இரண்டு: பயர்பாக்சில் ‘யுபிளாக் ஆரிஜின்’ என்ற விளம்பரத் தடுப்பைச் சேருங்கள். பாரத்தில் பெரும்பகுதி விளம்பரமாகையால், பழைய கணினிக்கு இதுவே பாதி மருந்து. ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பக்கம் மட்டும் திறந்து வையுங்கள்.

மூன்று: “பாதுகாப்பானதல்ல” என்ற எச்சரிக்கை வந்தால், “பரவாயில்லை, உள்ளே போ” என்ற பொத்தானை அமுக்காதீர்கள். முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினியில் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னோக்கி ஓடிவிடும். சான்றிதழ் தப்பாகத் தோன்றும். தேதியைச் சரிசெய்தும் எச்சரிக்கை போகவில்லையென்றால் அந்தக் கணினியை விட்டு எழுந்துவிடுங்கள்.

நான்கு: பொதுக் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காரியம் முடிந்ததும் கணக்கைவிட்டு வெளியேறுங்கள்.

என் சகோதரக் கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் நாலெழுத்து தட்டத் தெரிந்தவர்கள். உதவி என்று கேட்டு வருபவர்கள் அடையாள அட்டையை நீட்டுகிறார்கள். கடவுச்சொல்லையும் காதில் சொல்லிவிடுகிறார்கள். நம்மேல் வைத்த நம்பிக்கை அது. ஆனால் அந்த நம்பிக்கையை நாம் வாங்கிக்கொள்ளக் கூடாது. ஒரு கிராணியின் நோட்டுப் புத்தகத்தில் நாற்பது பேருடைய கடவுச்சொல் எழுதியிருந்தால், அந்த நோட்டு தொலைந்த அன்று நாற்பது குடும்பத்தின் சேமிப்பும் ஆபத்தில் நிற்கும். பக்கத்தில் உட்காருங்கள், வழி காட்டுங்கள், ஆனால் கடவுச்சொல்லை அவரவரே தட்டட்டும். விரல் தடுமாறினாலும் காத்திருங்கள். இருட்டில் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டைக்குள் மரத்தில் காயம் படாமல் மயிரிழை அளவாகச் சீவத் தெரிந்த கைக்கு, பத்து எழுத்தைத் தட்டக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும்.

கடைசியாக, கல்விக் குழுவின் சார்பில் மூன்று யோசனைகளை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

சங்க அறையில் இருக்கும் கணினிகளைப் பரிசோதித்து, ஒவ்வொன்றின்மேலும் தமிழில் ஒரு சீட்டு ஒட்டவேண்டும். எக்ஸ்பி-யிலும், திருத்தம் நின்ற விண்டோசிலும் ஓடுபவற்றின்மேல் “படிக்க மட்டும்” என்று எழுதவேண்டும். அவற்றில் கே-மிலியனோ, மைபாலோ, பேல் மூனோ, பொருந்துவதைப் போட்டுப் பத்திரிகை படிக்கவும் பிள்ளைகள் பாடம் பார்க்கவும் விடலாம். இது முதல் யோசனை.

64 பிட் வகையில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, லினக்சும் பயர்பாக்சும் ஏற்றி, “கணக்குப் பார்க்க” என்று சீட்டு ஒட்டித் தனியாக வைக்கவேண்டும். அதில் விளையாட்டோ, படமோ, வெளியார் குச்சியோ கூடாது. இது இரண்டாவது.

இளைஞர் ஒருவரும் மாதர் பகுதியிலிருந்து ஒருவரும் அதற்குப் பொறுப்பேற்று, வாரந்தோறும் திருத்தம் வந்ததா என்று பார்த்துப் போடவேண்டும். சம்பளம் போட்ட மாதத்தை அடுத்து வரும் மாதக் கடைசியில், உறுப்பினர்கள் சம்பளச் சீட்டோடு வந்து தங்கள் சேமநிதிக் கணக்கைத் தாங்களே திறந்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாலையை ஒதுக்கவேண்டும். குறை கண்டால் கிளைச் செயலாளரிடம் எழுத்தில் கொடுக்கவேண்டும். இது மூன்றாவது.

எந்த உலாவி நல்லது என்று கேட்டவர்களுக்கு என் விடை இதுதான். எந்தக் காரியத்துக்கு என்று முதலில் என்னைத் திருப்பிக் கேட்கவிடுங்கள். படிக்க என்றால் இலேசானதைத் தருகிறேன். உங்கள் வியர்வை ஏறியிருக்கும் கணக்கைப் பார்க்க என்றால், காவலுள்ளதைத்தான் தருவேன்.

யோசனைகளை ஆதரித்துப் பேசவும், குறை இருந்தால் எடுத்துச் சொல்லவும் தோழர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வணக்கம்.